மண்டையோட்டில் ஒரு தேனடை

உயிரைப் பறிக்காத கட்டி. ஆனால் அவசரக் கத்தியைப் பொறுக்காத கட்டி. மண்டையோட்டு எலும்புக்குள் வளரும் அபூர்வமான ரத்தநாளக் கட்டியைக் கண்டுபிடிப்பதும் அகற்றுவதும் எப்படி?

பழனி அடிவாரத்து முடிக்கொட்டகை. தண்ணீர் தெளித்த தலையில் சவரக்கத்தி உச்சியிலிருந்து பிடரிக்கு இறங்குகிறது. வலப்பக்கக் காதுக்கு நான்கு விரல் மேலே வந்ததும் கை நிற்கிறது. "இங்க ஒரு மேடு இருக்குதுங்களே." பின்னால் நின்ற வீட்டார் எட்டித் தொட்டுப் பார்க்கிறார்கள். பாதி எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்து வைத்ததுபோல் ஒரு புடைப்பு. வலியில்லை, சிவப்பில்லை, தள்ளினால் நகரவுமில்லை. எத்தனை நாளாக இருக்கிறது என்றால் யாருக்கும் தெரியாது. முடி இருந்தவரை அதுவும் மறைந்திருந்தது.

மண்டையோட்டு ஹீமாஞ்சியோமா இப்படித்தான் வெளிப்படும். மொட்டை போடும்போதோ, வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்க்கும்போதோ, ஹெல்மெட் ஒரே இடத்தில் அழுத்தும்போதோ கை அதைக் கண்டுகொள்கிறது. ரத்தநாளங்கள் எலும்புக்குள் பின்னிப் பெருகி உருவாகும் இந்தக் கட்டி புற்றுநோய் அல்ல. உடலின் வேறு இடத்துக்குப் பரவுவதும் இல்லை. ஆனால் இன்னதென்று தெரியாமல் கை வைத்தால் ரத்தத்தை நிறுத்துவதே பெரும்பாடாகிவிடும். தெரிந்து, திட்டமிட்டு, முழுசாக எடுத்தால் அத்தோடு கதை முடிந்துவிடும். கத்திக்கு முன்னால் படம் எடுக்கப்பட்டதா என்பதில்தான் பெரும்பாலும் இந்த இரண்டு முடிவுகளும் பிரிகின்றன.

எலும்புக்குள் ரத்தக் குளங்கள்

மண்டையோடு ஒற்றைத் தகடு இல்லை. வெளியே கெட்டியான ஓர் எலும்புத் தகடு, உள்ளே அதேபோல் இன்னொன்று, இரண்டுக்கும் நடுவில் பஞ்சுபோன்ற மென்மையான அடுக்கு. 'டிப்ளோ' எனப்படும் இந்த நடு அடுக்கில் மஜ்ஜையும் மெல்லிய சிரைகளும் ஓடுகின்றன. ஹீமாஞ்சியோமா பிறப்பது இங்கேதான். சிரைகள் அகன்று, சின்னச் சின்னக் குளங்களாக ரத்தம் தேங்குகிறது. அந்தக் குளங்களுக்கு நடுவே எலும்பு வரப்புவரப்பாகத் தடித்து நிற்கிறது. கட்டி பெருக்கும்போது வெளித்தகடுதான் பெரும்பாலும் மெலிந்து வெளியே தள்ளப்படுகிறது. உள்தகடு கூடுமானவரை தாக்குப்பிடிக்கிறது. அதனால்தான் வெளியே பெரிதாகத் தெரியும் கட்டியும் மூளையைத் தொடாமல் இருந்துவிடுகிறது.

ஏன் வருகிறது என்பதற்கு உறுதியான விடை கிடையாது. சின்ன வயதில் நிலைப்படியில் இடித்துக்கொண்டது, கிணற்றடியில் விழுந்தது என்று பல வீடுகளில் ஒரு காரணம் சொல்வார்கள். அடிபட்ட வரலாறு சில நோயாளிகளிடம் இருந்தாலும், அடிதான் கட்டியை உண்டாக்கியது என்பது நிரூபிக்கப்படவில்லை. இது உண்மையில் புதிதாகப் பெருகும் கட்டியா, பிறவியிலேயே பிழையாக அமைந்த சிரைக்கொத்து மெல்ல விரிவதா என்ற விவாதமும் நிபுணர்களிடையே உண்டு. சிகிச்சை முறையை அந்த விவாதம் மாற்றுவதில்லை.

பெட்டிச் செய்தி: எண்களில்

• எலும்பில் தோன்றும் எல்லாக் கட்டிகளிலும் ஹீமாஞ்சியோமாவின் பங்கு 100-க்கு 1 என்ற அளவே. மண்டையோட்டில் வருவது இன்னும் அபூர்வம்: 1,000 எலும்புக் கட்டிகளில் ஏறக்குறைய 2.
• முதலிடம் முதுகெலும்புக்கு, அடுத்தது மண்டையோட்டுக்கு.
• மண்டையோட்டில் நெற்றி எலும்பும் பக்கவாட்டு எலும்பும் அதிகம் பாதிக்கப்படுகின்றன.
• ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். நடுவயதில் கண்டுபிடிக்கப்படுவது வழக்கம்.
• எலும்புக்குள் வளரும் ரத்தநாளக் கட்டியை 1845-இல் முதன்முதலில் விவரித்தவர் லண்டன் காது மருத்துவர் ஜோசப் டாயின்பீ.

'கொழுப்புக் கட்டிதான்' என்ற தீர்ப்பு

தலையில் தென்படும் புடைப்புகளில் பெரும்பாலானவை தோலைச் சேர்ந்தவை. கொழுப்புக் கட்டி, மயிர்க்காலில் உண்டாகும் நீர்க்கட்டி ஆகியவையே அதிகம். அவற்றை ஊசி போட்டு மரக்கச் செய்து, அரைமணி நேரத்தில் அறுத்து எடுத்துவிடலாம். அந்தப் பழக்கமே இங்கே பொறியாகிறது. தோல் கட்டி என்று நினைத்துக் கீறினால், அடியில் இருப்பது ரத்தம் நிறைந்த எலும்பு. வெட்டிய ரத்தக்குழாயைத் தசையில் பிடித்துக் கட்டலாம், அழுத்தலாம். எலும்பின் நூறு துளைகளிலிருந்து ஒரே நேரத்தில் கசியும் ரத்தத்தை எந்த இடத்தில் பிடித்துக் கட்டுவது? பெரிய அறுவை அரங்கும் ரத்த வங்கியும் இல்லாத இடத்தில் இது ஆபத்து. ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்ப்பதையும் இதே காரணத்துக்காக மருத்துவர்கள் தவிர்க்கிறார்கள்.

விரல் கொண்டே ஓரளவு பிரித்தறியலாம். தோல் கட்டி தோலோடு நகரும். எலும்புக் கட்டியின் மேல் தோல் வழுக்கும், கட்டி அசையாது. பிறந்ததிலிருந்து உள்ள கட்டியா, சில மாதங்களில் வளர்ந்ததா, தலை குனிந்தால் பெருக்கிறதா, தொட்டால் நாடி துடிக்கிறதா என்ற கேள்விகளுக்கான பதில்கள் அடுத்த அடியைத் தீர்மானிக்கின்றன.

கிராமப்புறத்தில் இன்னொரு தாமதமும் சேர்கிறது. பற்றுப் போடுவது, சூடு வைப்பது, எண்ணெய் தடவி உருவிவிடுவது ஆகியவற்றால் எலும்புக்குள் இருக்கும் சிரைக்கொத்து கரையாது. சூட்டுத் தழும்பு மட்டும் தோலில் தங்கி, பிறகு அறுவைக் காயம் ஆறுவதைக் கெடுக்கிறது.

படம் சொல்லும் சாட்சி

சாதாரண எக்ஸ்ரேயிலேயே முதல் துப்பு கிடைக்கலாம். ஓரம் தெளிவான வட்டமான வெற்றிடம், அதற்குள் தேனடைபோல் அறைகள். பக்கவாட்டில் எடுத்த படத்தில் நடுவிலிருந்து வெளியே கதிர்விரியும் எலும்புக் கீற்றுகள், உதிக்கும் சூரியனை நினைவூட்டும். ஆனால் இந்த இலக்கண வடிவம் எல்லோரிடமும் தெரிவதில்லை.

சி.டி. ஸ்கேன்தான் இதில் முக்கிய சாட்சி. வெளித்தகடு எவ்வளவு மெலிந்திருக்கிறது, உள்தகடு உடைந்திருக்கிறதா, கட்டியின் உண்மையான எல்லை எது என்பதெல்லாம் மில்லிமீட்டர் கணக்கில் தெரிந்துவிடும். எம்.ஆர்.ஐ. அடுத்த கேள்விக்குப் பதில் சொல்கிறது: மூளையைப் போர்த்தியிருக்கும் 'டியூரா' என்ற உறை பாதிக்கப்பட்டுள்ளதா, அருகே பெரிய சிரைக்கால்வாய் ஓடுகிறதா? உச்சந்தலையின் நடுக்கோட்டில் கட்டி இருந்தால் இந்தக் கேள்வி உயிர்க்கேள்வி. மூளையின் ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் முதன்மைச் சிரைக்கால்வாய் அந்தக் கோட்டுக்கு நேர் கீழேதான் ஓடுகிறது.

படம் பார்க்கும் மருத்துவர் மனதில் ஒரு சந்தேகப் பட்டியலும் இருக்கும். குழந்தை என்றால் லாங்கர்ஹான்ஸ் செல் நோய். முதியவர் தலையில் பல ஓட்டைகள் என்றால் மைலோமா. நாடியோடு துடிக்கும் மெத்தென்ற புடைப்பு என்றால் தைராய்டு புற்றுநோய் மண்டையோட்டுக்குப் பரவியதோ என்று கழுத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். மூளையுறையில் வளரும் மெனிஞ்சியோமாவும் எலும்பைத் தடிக்கச் செய்யும். இவற்றில் ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு என்பதால், படத்தின் செலவைத் தவிர்ப்பது மிச்சமாகாது.

முதலில் தண்ணீரை நிறுத்து

வாய்க்காலைச் செப்பனிட இறங்குகிறவர் முதலில் மடையை அடைப்பார். பெரிய ஹீமாஞ்சியோமாவுக்கும் அதே வழி. தலைத்தோலுக்கு ரத்தம் தரும் பொட்டுத் தமனியும், மூளையுறைக்கு ரத்தம் தரும் நடு உறைத் தமனியும் பெரும்பாலும் கட்டிக்குக் கிளை விடுகின்றன. தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ நுழைக்கப்படும் நூல்போன்ற குழாய் அந்தக் கிளைவரை போய், நுண்துகள்களைச் செலுத்தி அடைக்கிறது. 'எம்போலைசேஷன்' எனப்படும் இது அறுவைக்குச் சில நாட்கள் முன்னதாக நடக்கும். தாமதித்தால் ரத்தம் வேறு பாதை கண்டுபிடித்துவிடும். கண்ணுக்குப் போகும் தமனியோடு இந்தக் கிளைகளுக்குத் தொடர்பு இருக்கக்கூடும் என்பதால், துகள் தவறிய இடத்துக்குப் போனால் பார்வையே பறிபோகலாம். எனவே எல்லோருக்கும் இது செய்யப்படுவதில்லை. சிறிய கட்டியை நேரடியாகவே எடுத்துவிடலாம்.

அறுவையின் அடிப்படை விதி ஒன்றுதான்: கட்டியைத் தொடாமல் கட்டியை எடுப்பது. தோலைப் பிரித்தபின், கட்டியின் விளிம்பிலிருந்து சுமார் 1 செ.மீ. தள்ளி, நல்ல எலும்பில் துளை போடப்படுகிறது. துளையிலிருந்து துளைக்கு வெட்டும் கருவி சுற்றி வருகிறது. அடியில் ஒட்டியிருக்கும் மூளையுறையை மெல்லப் பிரித்து, கட்டியோடு கூடிய எலும்பு வட்டத்தை ஒரே துண்டாகத் தூக்கி எடுக்கிறார்கள். கட்டியை வெட்டாததால் கட்டிக்குள் இருக்கும் ரத்தம் கட்டிக்குள்ளேயே இருக்கிறது. வெட்டுவாயில் கசியும் ரத்தத்தை எலும்பு மெழுகு அடைக்கிறது.

சுரண்டி எடுப்பது எளிதுபோலத் தோன்றும். ஆனால் சுரண்டும்போது ரத்தம் பெருகும், ஓரத்தில் மிச்சம் தங்கும், அந்த மிச்சத்திலிருந்து கட்டி திரும்பவும் வரும். முழுத் துண்டாக எடுத்தவர்களுக்கு மீண்டும் வருவது மிக அரிது. மூளையுறை பெரும்பாலும் திறக்கப்படுவதே இல்லை. மூளை கண்ணிலும் படாத இந்த அறுவைக்கு வெளியே 'மூளை ஆபரேஷன்' என்ற பெயர் ஒட்டிக்கொள்கிறது.

பெட்டிச் செய்தி: ஒரு தலைக்கட்டி பெற்ற கருவி

நரம்பு அறுவையின் முன்னோடி ஹார்வி குஷிங் 1923-இல் மண்டையோட்டு ஹீமாஞ்சியோமா ஒன்றைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டவர். 1926-இல் பாஸ்டன் நகரின் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில், ரத்தம் மிகுந்த இன்னொரு தலைக்கட்டியை எடுக்க முயன்று ரத்தப்போக்கால் பாதியில் நிறுத்தினார். சில நாள் கழித்து, அக்டோபர் 1 அன்று, ஹார்வர்டின் இயற்பியலாளர் வில்லியம் போவி உருவாக்கிய மின்கருவியோடு மீண்டும் அரங்குக்கு வந்தார். உயர் அதிர்வெண் மின்சாரம் வெட்டிய இடத்தையே சுட்டு அடைத்தது, கட்டி வெளியே வந்தது. இன்று எந்த ஊர் அறுவை அரங்கிலும் ஒலிக்கும் 'காட்டரி'யின் வரலாற்றில் அந்த நாளுக்குத் தனி இடம் உண்டு.

எடுத்த இடத்தை அடைக்கும் கலை

கட்டி வெளியேறியதும் எலும்பில் ஓட்டை நிற்கிறது. அதை அப்படியே விட்டால் தோல் உள்வாங்கும், சிறு அடியும் மூளைக்கு நேராகப் போகும். எனவே 'கிரேனியோபிளாஸ்டி' எனப்படும் அடைப்பு வேலை பெரும்பாலும் அதே மேசையில், அதே மயக்கத்தில் முடிக்கப்படுகிறது.

நான்கு வழிகள் வழக்கத்தில் உள்ளன. முதலாவது டைட்டானியம் வலை. வளைக்கலாம், திருகலாம், உடல் ஏற்கும். டைட்டானியம் காந்தத்துக்கு இழுபடாது என்பதால் பிற்பாடு எம்.ஆர்.ஐ. எடுக்கவும் தடையில்லை. இரண்டாவது எலும்பு சிமென்ட். பொடியும் திரவமும் கலந்து மாவாகப் பிசைந்து ஓட்டையின் வடிவத்துக்கு அழுத்த, சில நிமிடங்களில் கல்லாகிறது. இறுகும்போது நன்றாகச் சூடேறும் என்பதால் மூளையுறையைக் காக்கக் குளிர்ந்த உப்புநீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்றாவது நோயாளியின் சொந்த எலும்பு. வேறிடத்து மண்டையோட்டை இரண்டு தகடாகப் பிளந்து ஒன்றைக் கொண்டுவருவது. நான்காவது, சி.டி. அளவுகளை வைத்து முன்கூட்டியே கணினியில் வடிவமைத்துத் தயாரிக்கும் 'பீக்' பிளாஸ்டிக் தகடு. பொருத்தம் துல்லியம், விலையும் அதிகம்.

அச்சு, வார்ப்பு, அளவு என்று பேசிப் பழகிய கோவைப் பட்டறைக்காரருக்கு இது புரியாத வேலையல்ல. வார்ப்பில் ஓரம் அரை மில்லிமீட்டர் தப்பினால் பம்பு கசியும். இங்கே ஓரம் தப்பினால் நெற்றியில் விளிம்பு தெரியும், தோல் உரசிப் புண்ணாகும். நெற்றிக் கட்டி என்றால் நெற்றியில் கீறுவதில்லை. காதுக்குக் காது முடிக்குள் கீறி, தோலை முன்னால் மடித்து வேலை முடிந்ததும் திரும்பப் போர்த்துகிறார்கள். தழும்பு கூந்தலுக்குள் மறைந்துவிடுகிறது. முழு மொட்டையும் அடிக்க வேண்டியதில்லை, கீறும் கோட்டில் மட்டும் முடி எடுத்தால் போதும்.

கத்தி வேண்டாதவர்கள்

எல்லா ஹீமாஞ்சியோமாவும் அறுவைக்குப் போக வேண்டியதில்லை. வேறு காரணத்துக்கு எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்த சின்னக் கட்டி, படத்தில் சந்தேகமில்லாத அடையாளம், வலியோ வளர்ச்சியோ இல்லை என்றால், குறிப்பிட்ட இடைவெளியில் படம் எடுத்துக் கவனித்து வந்தால் போதும். வளர்கிறது, வலிக்கிறது, முகத்தோற்றத்தைக் கெடுக்கிறது, கண்குழியையோ காது நரம்பையோ அழுத்துகிறது, இன்ன கட்டி என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை: இவற்றில் ஒன்று இருந்தாலும் அறுவையைப் பற்றிப் பேச வேண்டும்.

கதிர்வீச்சு கடைசிக் கதவு. அது வளர்ச்சியைத் தடுக்கலாம், ஆனால் மேட்டைக் கரைக்காது. இளம் வயதில் கதிர்வீச்சு பெற்ற இடத்தில் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் தோன்றும் அபாயமும் உண்டு. எனவே அறுக்க முடியாத இடத்தில் உள்ள கட்டிக்கு மட்டுமே அது கருதப்படுகிறது. மாத்திரை உண்டா என்ற கேள்வியும் எழும். கைக்குழந்தைகளின் தோலில் வரும் செந்நிறக் கட்டிக்கு 'புரோப்ரனலால்' நன்றாக வேலை செய்கிறது என்பது 2008-இல் தெரியவந்தது. அது வேறு இனம். பெரியவர்களின் எலும்புக்குள் உள்ள இந்தக் கட்டிக்கு அந்த மருந்து வழக்கமான சிகிச்சை ஆகாது.

பெட்டிச் செய்தி: காதுக்குள் நாடி கேட்டால்

மண்டையோட்டின் அடிப்பகுதியில், காதுக்குக் கீழே உள்ள எலும்பில் வளரும், ரத்தநாளங்கள் மிகுந்த இன்னொரு கட்டி உண்டு. பெயர் குளோமஸ் ஜுகுலாரே. வெளியே புடைப்பு தெரியாது. இதயத் துடிப்போடு சேர்ந்து ஒரு காதில் மட்டும் 'உஸ், உஸ்' என்ற ஓசை, அந்தக் காதில் கேட்கும் திறன் குறைவது ஆகியவையே முதல் அறிகுறிகள். செவிப்பறைக்குப் பின்னால் செந்நிறத் திட்டு தெரியலாம். பெரிதானால் குரல் கம்மும், விழுங்குவது சிரமமாகும். சில குடும்பங்களில் பரம்பரையாகவும் வருகிறது. அறுவை கடினம் என்பதால் காமா நைஃப் போன்ற கூர்கதிர் சிகிச்சை பலருக்கு ஏற்ற வழியாகியுள்ளது. ஒரு காதில் மட்டும் நாடி கேட்டால் சொட்டு மருந்தோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது.

தூரமும் செலவும்

ஒரு காலத்தில் தலை அறுவை என்றால் கொங்கு மண்டலத்திலிருந்து வேலூருக்கோ சென்னைக்கோதான் ரயில் ஏற வேண்டும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1949-இல் ஜேக்கப் சாண்டியும், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1950-இல் பி. ராமமூர்த்தியும் நரம்பு அறுவைப் பிரிவுகளைத் தொடங்கினார்கள். கோவையில் 1952-இல் ஜி.கே.என்.எம். மருத்துவமனை, 1966-இல் அரசு மருத்துவக் கல்லூரி, 1985-இல் பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரி, 1990-இல் கே.எம்.சி.எச். என்று வரிசை வளர்ந்தது. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் திருப்பூர், நாமக்கல், நீலகிரி மூன்றும் இந்த வட்டாரத்தைச் சேர்ந்தவை. தாராபுரத்திலோ சத்தியமங்கலத்திலோ இருப்பவர் இன்று முதல் சி.டி. படத்துக்காகப் பல மணி நேரம் பயணிக்க வேண்டியதில்லை.

செலவைத் தீர்மானிப்பவை மூன்று: எம்போலைசேஷன் தேவையா, அடைப்புக்கு எந்தப் பொருள், எத்தனை நாள் தங்கல். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கைகொடுக்கிறது. அரசு மருத்துவமனையிலும் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் பயன்படுத்தலாம். அவசர அறுவை இல்லை என்பது இங்கே ஒரு வசதி. காப்பீட்டு அனுமதி கையில் கிடைத்த பிறகு சேரலாம். எந்தத் தகடு காப்பீட்டுக்குள் வரும், எதற்குக் கூடுதல் பணம் கட்ட வேண்டும் என்பதை முன்னதாகவே கேட்டு எழுதிவாங்கிக்கொள்வது நல்லது.

கணக்கில் வராத விலையும் ஒன்று உண்டு. இந்தக் கட்டி பெண்களுக்கே அதிகம், சிலருக்கு இளம் வயதிலேயே வரும். 'தலையில் ஆபரேஷன் ஆன பெண்' என்ற பேச்சுக்குப் பயந்து, கல்யாணம் முடியட்டும், குழந்தை பிறக்கட்டும் என்று ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடும் வீடுகள் உண்டு. வளரும் கட்டி காத்திருக்கும்போது சும்மா இருப்பதில்லை. இரண்டு விரல் அகல ஓட்டையோடு முடிந்திருக்க வேண்டிய அறுவை, உள்ளங்கை அகல ஓட்டையாகிறது.

வீடு திரும்பிய பிறகு

எடுத்த துண்டு நோய்க்குறியியல் பிரிவுக்குப் போகிறது. எலும்பை அப்படியே சீவிப் பார்க்க முடியாது. அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்புச் சத்தை இறக்கிய பிறகே மெல்லிய சீவலாக அறுக்க முடியும் என்பதால் அறிக்கை வரப் பல நாட்கள் ஆகும். இந்தத் தாமதம் கெட்ட செய்திக்கு அறிகுறி இல்லை. ஒற்றை அடுக்குச் செல்கள் வரிசை கட்டிய, ரத்தம் நிறைந்த அகன்ற அறைகள், நடுவே எலும்புக் கீற்றுகள். இதுதான் 'கேவர்னஸ் ஹீமாஞ்சியோமா'வின் முகம்.

அறிக்கைக்குக் காத்திருப்பது சடங்கும் இல்லை. இதே எலும்பில், இன்னும் அபூர்வமாக, பரவக்கூடிய ரத்தநாளக் கட்டிகளும் வருகின்றன. 1982-இல் பெயரிடப்பட்ட எபிதீலியாய்டு ஹீமாஞ்சியோஎண்டோதீலியோமா நடுத்தர ஆபத்துடையது. அதன் செல்களில் பெரும்பாலும் காணப்படும் மரபணு இணைவு 2011-இல் கண்டறியப்பட்டதால், இன்று ஐயமின்றி உறுதிப்படுத்த முடிகிறது. ஆஞ்சியோசார்க்கோமா கொடியது. இந்த இரண்டில் ஒன்று என்றால் நுரையீரல், கல்லீரல் படங்கள் எடுக்க வேண்டும், புற்றுநோய் மருத்துவர் சேர வேண்டும், பயணம் வேறாகிறது.

ஹீமாஞ்சியோமா என்று உறுதியானால் மேல்சிகிச்சை எதுவும் தேவையில்லை. தையல் பிரிக்க ஏழு முதல் பத்து நாள். தழும்பைச் சுற்றிச் சில மாதங்களுக்கு மரத்துப்போன உணர்வு இருக்கும், மெல்லக் குறையும். காயத்தில் நீர் கசிவு, சிவப்பு, காய்ச்சல், தகட்டின் மேல் தோல் மெலிவது இவற்றில் எது தெரிந்தாலும் உடனே காட்ட வேண்டும். உள்ளே இருப்பது அந்நியப் பொருள் என்பதால் தொற்று ஏறினால் தகட்டையே எடுக்க நேரிடும். சர்க்கரை உள்ளவர்களும் புகைப்பவர்களும் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். காயம் முழுவதும் ஆறி மருத்துவர் சொன்ன பிறகே ஹெல்மெட்டும் எண்ணெய்க் குளியலும்.

பிறகு, மருத்துவர் குறித்த காலத்தில் ஒரு சி.டி. படம். ஓரத்தில் தேனடை மீண்டும் தலைகாட்டவில்லை என்றால் வேலை முடிந்தது. எஞ்சுவது இரண்டு காகிதங்கள்: திசு அறிக்கையும், பொருத்திய தகடு எது என்று குறித்த வெளியேற்றச் சுருக்கமும். பிற்காலத்தில் எந்தக் காரணத்துக்காகத் தலைப் படம் எடுத்தாலும் மருத்துவர் முதலில் கேட்பவை அவைதான். வீட்டுப் பத்திரமும் ரேஷன் அட்டையும் இருக்கும் பெட்டியில் அவையும் இருக்க வேண்டும்.